பிரசவக் காயத்தால் கை செயலிழந்த குழந்தை: சட்டம் எதைக் கேட்கிறது?

பிரசவத்தின்போது ஏற்பட்ட காயத்தால் குழந்தையின் கையோ காலோ செயலிழந்துவிட்டது, மருத்துவமனை மீது வழக்குத் தொடர முடியுமா என்று கேட்டு வந்துள்ள கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், மருத்துவமனை எதையும் வெளியிடவில்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தது. தனியார் மருத்துவமனையில் பிரசவம் நடந்தபோது, குழந்தையின் தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் என் வயிற்றை அழுத்த, மருத்துவர் தலையைப் பிடித்து இழுத்தார். 4.1 கிலோ எடையுடன் பிறந்த என் மகனுக்கு இப்போது பத்து வாரம் ஆகிறது. வலது கையைத் தூக்குவதே இல்லை. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது அவர்களுடைய தவறுதானே? வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; கைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிப் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரல்களுக்கும் செல்கின்றன. தோள் மாட்டிக்கொண்ட நிலையில் தலையும் கழுத்தும் ஒரு பக்கமாக இழுபட்டால் இந்தப் பின்னல் காயமடைகிறது. மேல் வேர்கள் பாதிக்கப்பட்டால் தோளும் முழங்கையும் இயங்காமல், கை உடம்போடு ஒட்டி உட்புறமாகத் திரும்பித் தொங்கும். மருத்துவர்கள் இதை எர்ப்ஸ் பால்ஸி என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு நேர்கிற காயம் இது. நரம்பு இழுபட்டதோடு நின்றிருந்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகவே தேறிவிடும். பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் தேறுகிறார்கள். ஆனால் நரம்பு அறுந்திருந்தாலோ, தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தாலோ, எத்தனை மாதம் காத்திருந்தாலும் அது தானாகச் சேராது. மூன்று மாதம் நிறைவதற்குள் குழந்தை முழங்கையை மடக்கத் தொடங்குகிறதா என்பதைத்தான் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் முதன்மையாகப் பார்க்கிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் பொதுவாக மூன்றிலிருந்து ஒன்பது மாத வயதுக்குள் செய்யப்படுகிறது. எனவே, கை நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் இந்த வாரமே குழந்தையைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்துக் கண் இமை சற்றுத் தாழ்ந்து, கண்மணி சிறுத்துத் தெரிந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். வேர்கள் பிடுங்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இனிச் சட்டம். குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது என்பது மட்டுமே மருத்துவரின் கவனக்குறைவை நிரூபித்துவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்த அளவுகோல், அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்பதே. சிகிச்சை பலிக்காமல் போனதும், இரண்டு சரியான வழிகளில் ஒன்றைத் தேர்ந்தது பின்னால் பிசகிப்போனதும் கவனக்குறைவு ஆகாது. தோள் மாட்டிக்கொள்வதை முன்கூட்டி உறுதியாகக் கணிக்க முடியாது. அறுவைப் பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கும் அரிதாக இந்தக் காயம் ஏற்பட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துவைக்கப் போவதும் இவற்றைத்தான்.

அப்படியானால் உங்கள் வழக்கின் வலு எதில் இருக்கிறது? தலை வெளியே வந்ததற்கும் தோள் வெளியே வந்ததற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. தோள் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவத்தில் வரிசைப்படி கற்பிக்கப்படும் ஒன்று. உடனே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து நன்றாக மடக்க வேண்டும். அடிவயிற்றில், இடுப்பின் முன்பக்கத்து எலும்புக்குச் சற்று மேலே அழுத்தம் கொடுத்து மாட்டிய தோளை நழுவச் செய்ய வேண்டும். அதற்கும் வராவிட்டால் கையை உள்ளே செலுத்திக் குழந்தையைத் திருப்பவோ, பின்பக்கத்துக் கையை முதலில் வெளியே எடுக்கவோ வேண்டும். செய்யக்கூடாதவை என்று வலியுறுத்தப்படுபவை இரண்டு. தலையைப் பிடித்துப் பலமாக இழுப்பது ஒன்று. வயிற்றின் மேற்பகுதியில், கருப்பையின் உச்சியில் அழுத்துவது மற்றொன்று. மேலிருந்து அழுத்தினால் மாட்டிய தோள் எலும்பின்மேல் இன்னும் இறுகும்.

நீங்கள் ‘வயிற்றை அழுத்தினார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அழுத்திய கை அடிவயிற்றில் இருந்திருந்தால் அது முறையான சிகிச்சை. தொப்புளுக்கு மேலே இருந்திருந்தால் அதுவே உங்கள் வழக்கின் மையம். இந்த வேறுபாடு தெரியாமல் வரையப்பட்ட புகார் மனு, சரியான சிகிச்சையையே குற்றமாகச் சொல்லிவிட்டுத் தோற்றுப்போகக்கூடும். ஆகவே யார் எந்தப் பக்கம் நின்றார், கை எங்கே இருந்தது, கால்களை மடக்கினார்களா, எத்தனை முறை இழுத்தார்கள் என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் உங்கள் சொற்களிலேயே எழுதித் தேதியிட்டு வையுங்கள். உடன் இருந்த உறவினர் எவராவது இருந்தால் அவரும் தனியாக எழுதட்டும்.

பிரசவத்துக்கு முந்தைய பகுதியும் பார்க்கப்படும். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை பெருத்துத் தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் சர்க்கரை உள்ள தாய்க்குக் குழந்தையின் மதிப்பிடப்பட்ட எடை 4.5 கிலோவை எட்டும்போதுதான் அறுவைப் பிரசவத்தைப் பரிசீலிக்கும்படி மேலைநாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஸ்கேனில் தெரியும் எடையும் துல்லியமானதன்று. எனவே 4.1 கிலோ என்ற எண்ணை மட்டும் நம்பி வழக்கை நிறுத்த முடியாது. இந்த வாய்ப்பைப் பற்றி உங்களிடம் முன்பே சொன்னார்களா என்பது வேறு கேள்வி. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்த மாண்ட்கோமரி வழக்கு ஏறத்தாழ உங்கள் நிலைமையைப் போன்றது. சர்க்கரை நோயுள்ள தாய்க்குத் தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது பத்து இருந்தும் மருத்துவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாய் அறுவைப் பிரசவத்தைத் தேர்ந்திருப்பார் என்று கண்ட நீதிமன்றம் மருத்துவமனை நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது. நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டின் சமீரா கோலி தீர்ப்பு, இங்குள்ள மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுக்குப் போதுமான தகவல் தரப்பட்டதா என்பதையே பெரிதும் பார்க்கிறது. ஆதலால் ‘சொல்லவில்லை’ என்ற வாதத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் முழு வழக்கையும் கட்டுவதை நான் விரும்பமாட்டேன்.

கேள்வி: என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து இடது கை வரவில்லை. மருத்துவமனையில் கேஸ் ஷீட்டைக் கேட்டால், டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாயிற்று, அதற்கு மேல் தர விதி இல்லை என்கிறார்கள். சம்மரியில் ‘சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்’ என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தர விதி இருக்கிறது. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் குறித்த 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கடிதமாக எழுதி, நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் கையொப்பமும் பெறுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

‘எல்லா ஆவணங்களும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிடப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவுகள், ஸ்கேன் அறிக்கைகள், பிரசவ வலியின் முன்னேற்றத்தை மணிக்கு மணி காட்டும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிந்த சிடிஜி தாள்கள், பிரசவ அறைக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, ஒப்புதல் படிவங்கள், குழந்தைக்கெனத் தனியாக உள்ள கேஸ் ஷீட், பிறந்த உடனும் மறுநாளும் குழந்தை மருத்துவர் எழுதியது ஆகியவற்றைக் கேளுங்கள். குழந்தையை உறிஞ்சி இழுக்கும் வாக்யூமோ, தலையைப் பற்றி இழுக்கும் ஆயுதமோ பயன்படுத்தினார்களா, எத்தனை முறை என்பதும் பிரசவ அறைக் குறிப்பில் இருக்க வேண்டும்.

கை செயலிழந்த குழந்தைக்கு ‘நலம்’ என்று எழுதிய சம்மரி உங்களுக்கு எதிரானது என்று எண்ண வேண்டாம். பிறந்த முதல் வாரத்தில் வேறொரு குழந்தை மருத்துவர் கை அசையவில்லை என்று எழுதிய சீட்டும், தேதியோடு கைப்பேசியில் எடுத்த காணொளியும் உங்களிடம் இருக்குமானால், அந்தச் சம்மரி மருத்துவமனையின் பதிவுகள் மொத்தத்தின் மீதும் ஐயத்தை எழுப்பிவிடும். முறையாகக் கேட்டும் ஆவணங்களைத் தராத மருத்துவமனைக்கு எதிராக நுகர்வோர் ஆணையங்கள் பாதகமான ஊகம் செய்வதும், அதாவது மறைக்கப்பட்டது அவர்களுக்கு எதிரானதாகவே இருக்கும் என்று கொள்வதும் உண்டு. சவிதா கார்க் வழக்கில் 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நோயாளி தரப்பு தன் குற்றச்சாட்டை முன்வைத்த பிறகு, கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனையைச் சேர்ந்தது என்றது; சிகிச்சை அளித்த மருத்துவரின் பெயரைச் சேர்க்காததாலேயே வழக்கு தள்ளுபடியாகாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. பிரசவ அறையில் இருந்தவர்களின் பெயர் தெரியாது என்று கவலைப்படும் பெற்றோருக்கு இது பயன்படும்.

கேள்வி: எங்கள் பேரனுக்கு மூன்று வயதாகிறது. அரசு மருத்துவமனையில் பிறந்தவன். சரியாகிவிடும் என்று சொன்னதை நம்பிப் பிசியோதெரபிக்கு அலைந்துகொண்டே இருந்துவிட்டோம். இப்போது, இனிக் கை முழுமையாக வராது என்கிறார்கள். காலம் கடந்துவிட்டதா?

பதில்: ஒரு கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது; மற்றவை திறந்திருக்கின்றன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் படி வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வயிற்றுக்குள் விட்டுவிட்ட பஞ்சைப் போலப் பிற்பாடு தெரியவரும் காயத்துக்கும், பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்த காயத்துக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகையில் நாள் அன்றே எண்ணத் தொடங்கிவிடுகிறது. மருத்துவமனையே ‘சரியாகிவிடும்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டுகள் தாமதத்துக்கு நல்ல விளக்கம். இருந்தாலும் அதை ஆணையம் ஏற்கும் என்று உறுதி கூற இயலாது.

அரசு மருத்துவமனை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1995-ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு விலக்கு அளித்தது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டின் மூலம் பணம் செலுத்தப்பட்டிருந்தாலும் அது இலவசம் ஆகாது. பெயரளவுக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் மட்டும் கணக்கில் வராது.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது உரிமையியல் நீதிமன்ற வழக்கு. காலவரையறைச் சட்டம், 1963-இன் 6, 8 ஆகிய பிரிவுகளின்படி, சிறுவருக்கு உரிய வழக்கில் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்த பிறகே காலவரையறை ஓடத் தொடங்குகிறது. அதன்பின் மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் கிடைக்கிறது. பெற்றோர் ‘அடுத்த நண்பர்’ (சிறுவர் சார்பில் வழக்கு நடத்துபவர்) என்ற நிலையில் குழந்தையின் பெயரில் இப்போதே தொடரலாம். அவகாசம் நீளமாக இருக்கிறதே என்று காத்திருந்தால், மூன்று ஆண்டுப் பாதுகாப்புக் காலம் முடிந்து கேஸ் ஷீட்டே இல்லாமற்போகும். மருத்துவர்களும் இடம் மாறிவிடுவார்கள். இத்துடன், அரசு மருத்துவமனையின் கவனக்குறைவு ஆவணங்களிலேயே வெளிப்படையாகத் தெரியுமானால், அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை மனு செய்து இழப்பீடு கோரலாம். உண்மை எதுவென்றே இரு தரப்பும் மோதும் இடத்தில், சாட்சி விசாரணை தேவை என்று கூறி உயர் நீதிமன்றம் உரிமையியல் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுவதும் வழக்கம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சிலர் அறிவுரை கூறுவார்கள். குற்ற வழக்குக்குக் கடுமையான கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டும், அதற்குமுன் வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்து பெறப்பட வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கூறுகிறது. மருத்துவராகத் தொழில் செய்வதற்கான அவருடைய பதிவின் மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலை அணுகலாம். இவ்விரண்டிலும் குழந்தையின் சிகிச்சைச் செலவுக்கு வழி பிறக்காது.

கேள்வி: என் குழந்தை பிறந்ததும் அழவில்லை. இப்போது இரண்டு வயது நெருங்குகிறது. இரண்டு கால்களும் விறைத்திருக்கின்றன, உட்கார முடியவில்லை. பெருமூளை வாதம் என்கிறார்கள். இதற்கும் பிரசவம்தான் காரணமா? எவ்வளவு இழப்பீடு கேட்கலாம்?

பதில்: கை நரம்புக் காயத்தைவிட இதை நிரூபிப்பது கடினம். பெருமூளை வாதத்துக்குக் கருவிலேயே ஏற்படும் காரணங்கள், குறைமாதப் பிறப்பு, தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை எனப் பல வேர்கள் உண்டு. பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் வருவது அவற்றுள் ஒரு பகுதியே. எனவே நடைமுறையில் பார்க்கப்படுபவை: பிரசவ நேரத்தில் இதயத்துடிப்புப் பதிவில் ஆபத்து தெரிந்ததா, தெரிந்தும் அறுவைப் பிரசவம் தாமதமானதா, பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குழந்தையின் நிலையை அளவிடும் ஆப்கார் மதிப்பெண் எவ்வளவு, முதல் சில நாட்களில் வலிப்பு வந்ததா, எம்ஆர்ஐ படம் எதைக் காட்டுகிறது என்பவை. மூச்சுத்திணறலால் மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தைக்கு உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தகுந்த நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்பாததும் தனிக் குறைபாடாக எழுப்பப்படலாம். உங்களுக்கு இரண்டு ஆண்டு நெருங்குவதால் நுகர்வோர் புகாரை உடனே தாக்கல் செய்யுங்கள். கூடுதல் ஆவணங்களைப் பின்னர் சேர்க்க அனுமதி கேட்டுக்கொள்ளலாம்.

புகாரை எங்கே தாக்கல் செய்வது என்பதில் பலரும் குழம்புகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்லாமல் மருத்துவமனைக்கு நீங்கள் செலுத்திய தொகையை வைத்தே ஆணையம் முடிவாகிறது. ஐம்பது லட்சம் ரூபாய் வரை செலுத்தியவர் மாவட்ட ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். ஆகவே ஒரு கோடி இழப்பீடு கேட்டாலும் பிரசவ வழக்கு மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

தொகையைப் பொறுத்தவரை, இரண்டு தீர்ப்புகளை உங்கள் வழக்கறிஞர் கட்டாயம் படிக்க வேண்டும். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த 12.5 லட்சத்தையும், பெற்றோரின் மன வேதனைக்காகத் தனியே அளித்த 5 லட்சத்தையும் உறுதி செய்தது. குழந்தை மட்டுமன்றி, கட்டணம் செலுத்திய பெற்றோரும் நுகர்வோரே என்பது அதன் பொருள். இரண்டாவது நம் மாநிலத்து வழக்கு. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தைக்கு, குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை பறிபோனது. தேசிய ஆணையம் 5 லட்சம் அளித்தது. உச்ச நீதிமன்றம் 2015-இல் எதிர்காலச் சிகிச்சைக்கு மட்டும் 1 கோடியே 38 லட்சமும், அதுவரை ஆன செலவைத் தனியாகவும் வழங்க உத்தரவிட்டது. மருத்துவச் செலவு ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும் என்று கணக்கிட்டதுதான் அந்தத் தீர்ப்பின் பெருமை. அந்த வழியிலேயே, பிசியோதெரபி, காலணி, சக்கர நாற்காலி, அறுவை சிகிச்சை, உடன் இருப்பவரின் ஊதியம், தாய் வேலையை விட்டதால் இழந்த வருமானம் என ஒவ்வொன்றுக்கும் ரசீதோடு இன்றைய விலையைக் காட்டுங்கள். ரசீது இல்லாத செலவைப் பொதுவாக ஒரு தொகையாகக் கேட்டால், பொதுவாக ஒரு தொகைதான் கிடைக்கும்.

வழக்கோடு சேர்த்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். அரசு உதவி பெறுவதால் இழப்பீட்டு உரிமை போய்விடும் என்று யாராவது சொன்னால் அது சரியன்று.

கேள்வி: வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தார். ஐம்பதாயிரம் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார். எங்களுக்கு வழக்கு நடத்தவும் வசதி இல்லை. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: குழந்தையின் கை எந்த அளவுக்குத் தேறும் என்பது தெரியாத நிலையில் கையெழுத்திட வேண்டாம். அவசரச் செலவுக்குப் பணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ‘உரிமைகளுக்குப் பாதிப்பின்றி, சிகிச்சைச் செலவுக்காக மட்டும்’ என்று எழுதி, வங்கி வழியாகப் பெறுங்கள்.

வசதியைப் பற்றிய அச்சம் தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். குழந்தையின் பெயரில் தாய் விண்ணப்பித்தாலே போதும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்து, கட்டணம் செலுத்த இயலாவிட்டால் வறியவர் மனுவாகவும் தாக்கல் செய்யலாம்.

வழக்குத் தொடர்ந்த பிறகும் சமரசம் பேசலாம், பேசுவதில் தவறில்லை. ஆனால் நிலுவையில் உள்ள உரிமையியல் வழக்கில் சிறுவருக்காகச் செய்யப்படும் சமரசம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளைப்படி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால்தான் குழந்தையைக் கட்டுப்படுத்தும். அனுமதி தரும்போது தொகை குழந்தைக்கு நன்மை தருமா என்று நீதிபதி பார்ப்பார். பெரும்பாலும் அதைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாக வைத்து, வட்டியைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள அனுமதிப்பார். வந்தவரிடம், பேச வேண்டியதை உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.